மனநோய் மருத்துவமும் இளமருத்துவர் ஆராய்ச்சியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியராகிய யாம் மருத்துவத்தைப் பற்றிப் பேச எழுந்தது கண்டு உங்களிற் சிலர் வியப்புறலாம். இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்போர்க்கு மூளை நரம்பின் செய்தி எற்றுக்கு என்று வினவவும் கூடும். அவ்வினா முறையானதே. யாம் மருத்துவம் கற்றவர் அல்லோம். கற்றார்வாய்க் கேட்டும், அவர் எழுதியவற்றைப் படித்தும் தெளிந்த சிலவற்றையே கூற வந்தோம். பிழையுளதேல் இவ்வவையிலுள்ள மருத்துவ அன்பர்கள் பொறுத்துத் திருத்துவாராக. எனினும் இப்பொருளை யாமே விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டோம். அதற்குக் காரணம் இரண்டு.

முதற்காரணம் எம் இல்லத்தது. எம் தந்தையாரின் தமக்கையார் ஒருவர், இரண்டாம் மகப்பேற்றிற்குப் பின் பதினைந்தாம் நாள் முதல் உறக்கமின்றிப் பிதற்றலானார். குழந்தையை ஏந்த மறுத்தார். பேய் பிடித்ததென்றனர் சிலர். பிறந்த குழவியின் கோள் என்றனர் வேறு சிலர். வேப்பிலை அடித்தனர், கோயில்தோறும் கொண்டுசென்று கிடத்தினர், இறுதியில் மாட்டுக்கொட்டிலை அடுத்த அறையில் இருத்தி வெளியே தாழிட்டனர். தாழிட்டவர் கொடியவர் அல்லர்; அவரைத் தம் உயிரினும் மேலாக நேசித்த எம் பாட்டியாரே. அவர்க்கு வேறு வழி சொல்வார் ஒருவரும் இலர். யாம் சிறுவராயிருந்தபோது அவ்வறையின் சன்னல் வழியே அத்தையார்க்குச் சோற்றுத்தட்டு நீட்டியிருக்கின்றோம். அறிவு தெளிந்த வேளைகளில் அவர் எம்மை வினவியது ஒன்றே: "எனக்கு என்னடா ஆயிற்று?" அவ்வினாவிற்கு விடை பெறாமலே அவர் காலமானார்.

இரண்டாங்காரணம் அண்மையில் நிகழ்ந்தது. எம்மிடம் ஆறாம் வகுப்பு முதல் தமிழ் பயின்ற மாணாக்கர் ஒருவர், நம் சங்கக் கல்வி நிதியின் கடனுதவி கொண்டு மருத்துவப் பட்டமும், அதன்மேல் மனநோய் மருத்துவத்தில் உயர்பட்டமும் பெற்றார். மகன் மருத்துவச்சாலை திறக்கும் நன்னாளை எதிர்நோக்கியிருந்த தந்தையார்க்கு, அவர் மூன்றாண்டு ஆராய்ச்சிப் பதவியொன்றிற் சேர விரும்பிய செய்தி பேரிடியாயிற்று. அவர் எம் வீடு தேடி வந்து, "வாத்தியாரையா, இத்தனை வருஷம் படிக்க வைத்தேன். இன்னமும் படிப்பு என்றால் நான் எங்கே போவேன்? அவன் தங்கை கல்யாணம் இருக்கிறது; சங்கத்துக் கடன் இருக்கிறது. நீங்கள் சொன்னால் அவன் கேட்பான்" என்றார். யாம் மகனை அழைத்து வினவினோம். அவர் கூறிய விடை இது: "ஐயா, ஒரு காலைப்பொழுதில் அறுபது பேரைப் பார்க்கிறேன். ஒரே நோய், ஒரே மாத்திரை. ஒருவர் எழுந்து வேலைக்குப் போகிறார். அடுத்தவர் அப்படியே கிடக்கிறார். ஏன் என்று அவருடைய தாயார் கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை. அதைத் தேடுவதற்குத்தான் மூன்று வருஷம் கேட்கிறேன்."

எம் அத்தையார் சன்னலருகே நின்று கேட்ட வினாவே இஃதென எமக்குத் தோன்றிற்று. தந்தையார்க்கு அன்று யாம் விடை கூறவில்லை. சிறிது பொழுது தருக என்று மட்டும் வேண்டினோம். அப்பொழுதில் யாம் படித்தறிந்தவற்றை இன்று உங்கள்முன் வைக்கின்றோம்.

இவ்வாராய்ச்சிப் பதவியாவது யாது? ஆங்கிலத்தில் 'பெலோஷிப்' என்பர். மருத்துவப் பட்டம் பெற்ற இளைஞர்க்குச் சில ஆண்டு ஊதியமளித்து, தேர்ந்த அறிஞர் ஒருவர்பால் இருத்தி, ஆராய்ச்சித் தொழிலைக் கைவரச் செய்யும் ஏற்பாடு இது. இதன் உயிர்நாடி ஊதியமன்று. பிறர் பறித்துக்கொள்ளாதவாறு காக்கப்பட்ட பொழுதே. அமெரிக்க நாட்டுத் தேசிய உடல்நலக் கழகங்கள், நோயாளரை நேரிற்கண்டு ஆராயும் இளமருத்துவர்க்கு வழங்கும் 'கே 23' என்னும் உதவியின் விதியை நோக்குக. மனநோய் மருத்துவர் ஒருவர் அதனைப் பெறுவாராயின், தம் உழைப்பில் 75 விழுக்காட்டிற்குக் குறையாமல் ஆராய்ச்சிக்கும் அதற்குரிய பயிற்சிக்கும் செலவிடல் வேண்டும். நான்கு நாளில் மூன்று நாள் ஆராய்ச்சிக்கு உரியவை. எஞ்சிய ஒருநாளே பிற பணிக்கு உரியது.

இவ்வகை ஆராய்ச்சிக்கு 'டிரான்ஸ்லேஷனல்' என்னும் அடைமொழி வழங்குகின்றது. மொழிபெயர்ப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் அடியாகவே இது பிறந்ததாதலின், எம் தொழிலுக்கு அணுக்கமான சொல்லாயிற்று. மொழிபெயர்ப்பாளர்க்கு இருமொழியும் வேண்டும். ஒன்றை மட்டும் அறிந்தார் அத்தொழிலுக்கு ஆகார். நோயாளியின் கட்டிலருகே பேசப்படும் மொழி ஒன்று: அச்சம், உறக்கமின்மை, ஆளின்றிக் காதில் ஒலிக்கும் குரல். ஆராய்ச்சிக்கூடத்தில் பேசப்படும் மொழி மற்றொன்று: நரம்பணு, மரபணு, மூளையிற் சுரக்கும் நுண்பொருள்கள். முன்னதை அறிந்த மருத்துவர் பெரும்பாலும் பின்னதை மறந்துவிடுகின்றனர். பின்னதில் வல்ல அறிஞரோ மனநோயுற்றார் ஒருவரோடு ஒருநாளும் இருந்து பேசியிரார். நீரிழிவென்றால் குருதியைச் சோதித்து அளவு கூறலாம். மனச்சிதைவு நோயை அங்ஙனம் காட்டவல்ல சோதனை இன்றளவும் நடைமுறைக்கு வரவில்லை. ஆதலின் ஏனைய நோய்களினும் மனநோய்க்கே இருமொழி அறிந்தார் மிகுதியும் வேண்டப்படுகின்றனர்.

இம்முறை என்ன பயன் விளைத்தது என்பதை உண்மை வரலாறொன்றாற் காண்போம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெத்தெஸ்டா என்பது ஓர் ஊர். அங்கே மேற்கூறிய தேசிய உடல்நலக் கழகங்களின் ஆராய்ச்சி மருத்துவமனை 1953 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நோயாளர் அறைகளும் ஆராய்ச்சிக்கூடங்களும் ஒரே கூரையின்கீழ் அணுக்கமாக அமையுமாறு கட்டப்பட்ட மனை அது. அவ்வாண்டிலேயே இளமருத்துவர்க்கான ஆராய்ச்சிப் பயிற்சியும் தொடங்கிற்று. அந்நாளில் அமெரிக்க மருத்துவ இளைஞர் படைப்பணிக்குக் கடமைப்பட்டிருந்தனர். பெத்தெஸ்டாவில் இரண்டாண்டு புரியும் பணி அக்கடமைக்கு ஈடாக ஏற்கப்பட்டது. வியட்நாம் போர்க்காலத்தில், போர்முனைக்கு அஞ்சி ஒதுங்கியவரென்று இவ்விளைஞரை எள்ளி நகைத்தாரும் உளர். அவ்வெள்ளலுக்கு ஆளானாருள், 1968 ஆம் ஆண்டு அங்கே சேர்ந்த கோல்ட்ஸ்டீன், பிரௌன், வார்மஸ், லெஃப்கோவிட்ஸ் என்னும் நால்வரும் பின்னாளில் நோபல் பரிசு பெற்றனர்.

மூளையையும் மனத்தையும் ஆராய்ந்தாரை மட்டும் ஈண்டுச் சிறிது விரித்துக் கூறுவோம். எரிக் கேண்டல் என்பார் 1929 இல் வியன்னாவிற் பிறந்து, நாஜிகளின் கொடுமையால் 1939 இல் அமெரிக்கா புகுந்தவர். உள்ளத்தைப் பகுத்தாயும் மனநோய் மருத்துவராக வேண்டும் என்பதே அவர்தம் இளமை வேட்கை. 1957 முதல் 1960 வரை அவர் பெத்தெஸ்டாவில் வேட் மார்ஷல் என்பாரின் கூடத்தில் நரம்பணுக்களின் மின்னசைவைப் பதிவுசெய்யக் கற்றார். பின்னர் மனநோய் மருத்துவப் பயிற்சியை முடித்தாராயினும், நினைவு எங்கே எவ்வாறு தங்குகின்றது என்னும் வினா அவரை விடவில்லை. ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களே உடைய கடல்முயல் என்னும் உயிரை எடுத்துக்கொண்டார். மனித மனத்தை ஆராய வந்தவர் நத்தையினத்தைப் பற்றிக்கொண்டு கிடப்பதா என்று தடுத்தார் பலர். கற்றல் என்பது நரம்பணுக்களின் இணைப்பை மாற்றுகின்றது என்று காட்டிய அவ்வாராய்ச்சிக்கு 2000 ஆம் ஆண்டு நோபல் பரிசிற் பங்கு கிடைத்தது.

ஜூலியஸ் ஆக்செல்ராட் என்பாரின் கதை வேறு. அவர் மருத்துவர் அல்லர். மருத்துவக் கல்லூரிகள் அவரைச் சேர்க்க மறுத்தன. ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராக உழைத்தார். அங்கே அமோனியாப் புட்டி வெடித்ததனால் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். 43 ஆம் வயதில், 1955 இல், டாக்டர் பட்டம் பெற்றார். மருத்துவராகிய கீட்டி என்பார் மனச்சிதைவு நோயாளரை ஆராயும்பொருட்டுக் கதிரியக்கக் குறியிட்ட அட்ரினலினை வருவித்தபோது, ஆக்செல்ராட் அதிற் சிறுபங்கு கேட்டு வாங்கினார். கீட்டி ஐயுற்ற செய்தி மெய்யெனத் தேறவில்லை. ஆயின் அத்தகைய குறியிட்ட பொருளைக் கொண்டே, நரம்பின் நுனி தான் உமிழ்ந்த நார் அட்ரினலினைத் தானே மீள உறிஞ்சிக்கொள்கின்றது என்பதை ஆக்செல்ராட் கண்டறிந்தார். மனச்சோர்வு மருந்துகள் இவ்வுறிஞ்சலைத் தடுப்பதையும் அவர்தம் கூடமே காட்டிற்று. 1970 இல் அவர் நோபல் பரிசிற் பங்கு பெற்றார். அவரிடம் 1963 இல் வந்துசேர்ந்த இளமருத்துவர் சாலமன் ஸ்னைடர், பின்னர் மனநோய் மருத்துவமும் பயின்று, 1973 இல் தம் மாணவியார் கேண்டேஸ் பெர்ட்டோடு சேர்ந்து, மூளையில் அபினி பற்றுமிடத்தைக் கண்டு வெளியிட்டார். மருத்துவக் கல்லூரி வாயிலில் மறுக்கப்பட்டவர் மருத்துவர்க்கே ஆசிரியரான விந்தையை நோக்குமின். இளைஞர்க்குப் பொழுது மட்டும் போதாது. இத்தகைய ஆசான் ஒருவரும் வேண்டும்.

ஸ்டான்லி புருசினர் என்பாரும் பெத்தெஸ்டாவில் 1969 முதல் 1972 வரை பயின்றவர். 1972 இல் அவர் நரம்பு மருத்துவம் பயிலச் சேர்ந்தபோது, நினைவு தேய்ந்து வந்த ஒரு பெண்மணியைக் காண நேர்ந்தது. குரோய்ட்ஸ்ஃபெல்ட் யாக்கோப் என்னும் அந்நோய்க்கு மருந்தில்லை, அப்பெண்மணி மாண்டார். ஏனை மருத்துவர் இரங்கி அடுத்த கட்டிலுக்குச் செல்வர். புருசினர் அவ்வொரு நோயையே பற்றினார்; பத்தாண்டு கழித்து, 1982 இல், புரதமே தொற்றாய்ப் பரவும் என்று கூறி அதற்குப் 'பிரியான்' எனப் பெயரிட்டார். நகைத்தார் பலர். 1997 இல் நோபல் பரிசு அவர்க்கு வந்தது.

இனி நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றுக்கும் உள்ள தொடர்பைக் கேளுங்கள். சர்ப்பகந்தி என்னும் மூலிகை வேரைப் பித்துக்கு மருந்தாக இந்நாட்டு வைத்தியர் நெடுங்காலம் வழங்கிவந்தனர். கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் மருத்துவர் இருவர் 1931 இல், பித்துக்கும் குருதி அழுத்தத்திற்கும் அவ்வேர் பயன்படுதலை எழுதி வெளியிட்டனர். அதன் சாரமாகிய ரெசர்பினை 1952 இற் பிரித்தெடுத்துக் காட்டியதோ சுவிட்சர்லாந்து நாட்டின் மருந்து நிறுவனம். 1955 இல் சுவீடனிலிருந்து அர்விட் கார்ல்சன் என்னும் மருத்துவர் பெத்தெஸ்டா சென்று, சில திங்கள் புரோடி என்பாரின் கூடத்தில் ரெசர்பினைக் கொண்டு ஆராயக் கற்றார். தம் நாடு மீண்டு, 1957 இல், ரெசர்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு எல்-டோப்பா என்னும் பொருளைச் செலுத்தினார். முயல்கள் எழுந்து நடமாடின. இவ்வழியே டோப்பமீன் என்னும் மூளைப்பொருளின் தொழில் விளங்கிற்று. நடுக்குவாத நோய்க்கு மருந்து பிறந்தது. மனச்சிதைவு மருந்துகள் தொழிற்படும் வழியும் துலங்கிற்று. கேண்டலோடு 2000 ஆம் ஆண்டுப் பரிசைப் பகிர்ந்துகொண்டவருள் இவரும் ஒருவர்.

அன்பர்களே, வேர் நம்முடையது; கட்டிலருகே அதன் குணத்தை முதலிற் கண்டவரும் நம்மவர். அதற்கு மேற்பட்ட வினாவைத் தொடர்ந்து கேட்பதற்குப் பொழுதும் கூடமும் ஆசானும் பெற்றவரோ அயலார். இதனை அயலார்மேற் குறையாகக் கூறுகின்றோம் அல்லோம்; அவர்கள் செய்தது உலகுக்கு நன்மை. குறை நம்பாலதே.

உதவியின்றியும் அறிஞர் தோன்றுவரே என்று சிலர் கூறக்கூடும். தோன்றுவர். ஆஸ்திரேலிய நாட்டு ஜான் கேடு என்பார் சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் மூன்றரை ஆண்டு போர்க்கைதியாய் இருந்து மீண்ட மருத்துவர். மெல்போர்ன் நகரையடுத்த பண்டூராவின் மனநோய் மருத்துவமனையில், கைவிடப்பட்ட சமையற்கட்டொன்றை ஆராய்ச்சிக்கூடமாக்கி, கினிப்பன்றிகளைக் கொண்டு ஆராய்ந்தார். லித்தியம் என்னும் உப்பு, வெறிமீறிய நோயாளரைத் தெளிவிப்பதை 1949 இல் வெளியிட்டார். ஆயின் அவர்க்குத் துணைநின்று, எவ்வளவு கொடுத்தால் மருந்து, எவ்வளவு மீறினால் நஞ்சு என்று தொடர்ந்து அளந்தறியும் கூட்டம் அங்கில்லை. அவர்தம் முதல் நோயாளியே தெளிந்து மீண்டபின் லித்தியத்தின் நஞ்சால் 1950 இல் இறந்தார். அமெரிக்காவில் அம்மருந்து ஒப்புதல் பெற்றது 1970 இல். ஒரு மேதை சமையற்கட்டில் இருந்தும் கண்டுபிடிப்பார். கண்டது நோயாளியின் கைக்குப் பழுதின்றிச் சென்றுசேர ஒழுங்கான ஏற்பாடு வேண்டும்.

அத்தையார் நோய்க்கு மீள்வோம். சினைப்பையிற் சுரக்கும் நீரொன்றினின்று தோன்றும் பொருள் மூளையை அமைதிப்படுத்தும் ஏற்பிகளிற் செயற்படும் என்பதை, அமெரிக்கத் தேசிய மனநலக் கழகத்தார் 1986 இல் வெளியிட்டனர். மகப்பேற்றின்பின் அப்பொருள் சட்டெனக் குறைந்துவிடுகின்றது. இவ்வறிவின் வழிவந்த முதல் மருந்து, மகப்பேற்றுப் பின்னுறும் மனச்சோர்வுக்கென்றே, 2019 இல் நரம்பூசியாகவும், அவ்வினத்தின் மற்றொன்று 2023 இல் விழுங்கும் மருந்தாகவும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. எம் அத்தையார்க்கு வந்தது சோர்வினும் கடிய பித்து. அதற்கு இவையே மருந்தென்று யாம் கூறவில்லை. ஆயினும் அவர் கேட்ட வினாவிற்கு ஒருபாதி விடையேனும் ஆய்வுக்கூடத்திற் பிறந்தது என்பதையும், அங்கிருந்து ஒரு தாயின் கைக்கு வர 33 ஆண்டு சென்றது என்பதையும் எண்ணிப் பாருங்கள். இன்று ஒருவர் வினவத் தொடங்கினால்தான் நம் பேத்தியர் காலத்தில் விடை கிட்டும்.

எதிர்வாதம் ஒன்று வலிமையுடையது. அதனை மறைத்தல் அறமன்று. நம் நாட்டில் ஒரு லட்சம் மக்களுக்கு மனநோய் மருத்துவர் ஒருவர்கூட இலர். 2015-16 ஆம் ஆண்டுத் தேசிய மனநல ஆய்வு, மனநோய்களின் வகைக்கேற்ப நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறாதிருத்தலைக் கண்டது. 2001 ஆகஸ்டு 6 ஆம் நாள் ஏர்வாடியில் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தோர் 28 பேர் தீயில் மாண்டதை நாம் மறக்கவில்லை. அவர்களுக்குக் குறைவாயிருந்தது புதிய கண்டுபிடிப்பா, இருக்கும் மருந்தா? இருக்கும் மருந்தே. அவ்வாறாக, கற்ற மருத்துவர் ஒருவரை ஆராய்ச்சிக்கூடத்திற்கு அனுப்பலாமோ?

இவ்வினா எம்மைப் பல இரவு உறங்கவொட்டவில்லை. யாம் கண்ட விடை இது. மருத்துவருட் பெரும்பாலோர் நோயாளரிடமே செல்லல் வேண்டும், அதில் ஐயமில்லை. யாம் கேட்பது பலருள் ஒருவர்க்கே. ஏற்கெனவே மருந்துண்டும் எழாது கிடக்கும் அந்த இரண்டாம் நோயாளிக்கு, அறுபது பேரைப் பார்க்கும் மருத்துவர் எத்துணை அன்புடையராயினும் புதிது ஒன்றும் தரவியலாது. அன்றியும் மேலைநாட்டில் ஆராயப்பட்டதனை அப்படியே கொண்டுவந்தால் நம் மக்களின் உடற்கூற்றுக்கும் உணவுக்கும் இல்லற வாழ்வுக்கும் பொருந்துமோ என்பதையும் இங்குள்ளாரே ஆராய்தல் வேண்டும். மருந்தென்னும் அதிகாரத்தில் திருவள்ளுவரும், தணிக்கும் வழியைத் தேடுமுன் நோயின் காரணத்தைத் தேடுமாறே பணித்தார்.

இத்தகைய பதவிகள் தாமே தழைத்து நிற்பன அல்ல என்பதையும் அறிக. அமெரிக்காவிற் படைப்பணிக் கட்டாயம் 1973 இல் ஒழிந்தது. ஆறாண்டு சென்றபின், 1979 இல், வைங்கார்டன் என்னும் மருத்துவ அறிஞர், நோயாளரை ஆராயும் மருத்துவர் அருகிவரும் உயிரினம்போல் ஆயினர் என்று எழுத நேர்ந்தது. கடன்சுமையும் குறைந்த ஊதியமும் இளைஞரை விலக்கின. செல்வம் மிக்க நாட்டிலே அந்நிலையென்றால் நம் நிலை கூறவேண்டா. நம் நாட்டிலும் வாயில்கள் இல்லாமல் இல்லை. பெங்களூரில் 1974 முதல் நிம்ஹான்ஸ் என்னும் மனநல, நரம்பியல் நிறுவனம் இருக்கின்றது. 2008 இல் மைய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் இங்கிலாந்தின் வெல்கம் அறக்கட்டளையும் கூடித் தொடங்கிய ஏற்பாடு, மருத்துவர்க்கும் ஆராய்ச்சி உதவி வழங்கிவந்துள்ளது. வாயில் திறந்திருந்தும் புகுவாரைப் பின்னிழுப்பது யாது? வீடும் கடனும் ஊராரின் பேச்சுமே.

ஆதலின் இச்சங்கத்தின்பால் எம் வேண்டுகோள் சிறியது. பட்டம் பெற்ற ஓராண்டிற்குள் கல்விக்கடனைத் திருப்பத் தொடங்கல் வேண்டும் என்பது நம் விதி. முறையான ஆராய்ச்சிப் பதவியில் இருக்கும் ஆண்டுகளுக்கு மட்டும் அவ்விதியை நிறுத்திவைத்து, பதவி முடிந்தபின் தவணை தொடங்கச் செய்யுங்கள். இதனால் நிதிக்கு ஒரு காசும் இழப்பில்லை, காலந்தாழ்த்தலே உண்டு. மற்றொன்று பெற்றோர்க்கு: ஆராய்ச்சியில் இருக்கும் மகனையோ மகளையோ, "இன்னும் சம்பாதிக்கத் தொடங்கவில்லை" என்று உறவினர்முன் இரங்கிக் கூறாதீர்கள். ஊதியம் குறைவே, ஆயின் அதுவும் ஊதியமே.

எம் மாணாக்கரின் தந்தையார் இவ்வவையின் பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அண்ணா, தாங்கள் எம்மை நாடி வந்த நாளில் யாம் விடை கூறவில்லை. தங்கள் அச்சம் பொய்யன்று. பெண்ணின் திருமணம் பெரிய பொறுப்பு. மூன்றாண்டு குறுகிய காலமுமன்று. அம்மூன்றாண்டின் முடிவில் தங்கள் மகன் ஏதேனும் கண்டுபிடிப்பார் என்று யாம் உறுதிகூற வல்லோம் அல்லோம். தேடினார் அனைவரும் கண்டாரல்லர். ஆனால் ஏன் என்று கேட்ட தாயொருத்திக்குத் தெரியாதென்று சொல்ல நாணி, தேடப் புறப்பட்ட பிள்ளையைத் தாங்கள் பெற்றிருக்கின்றீர்கள். அவரைத் தடுக்குமாறு எம்மைக் கேளாதீர்கள். சன்னல் வழியே சோறு நீட்டிய கை இது. அதனால் அவரைத் தடுக்க இயலாது.